முள்ளைத் தொடாத மாலுமி

 

சென்னையில் சூரியன் மறைந்து எத்தனை நிமிடம் கழித்து மதுரையில் மறைகிறது என்று நம் இல்லங்களில் கேட்டுப் பாருங்கள். '8 நிமிடம்' என்பார் ஒருவர். '3 நிமிடம்தான்' என்பார் மற்றொருவர். 'அதையெல்லாம் யார் பார்ப்பது? தொலைக்காட்சியில் பாங்கு சொன்னதும் நோன்பு திறந்துவிட வேண்டியதுதான்' என்பார் மூன்றாமவர். முதல் இருவர் சொல்லிலும் உண்மை உண்டு. ஆபத்து மூன்றாமவரிடம் இருக்கிறது.

ஜூன் மாதத்தில் இரு நகரங்களுக்கும் இடையே மஃரிபு நேரத்தின் வேறுபாடு ஏறத்தாழ 3 நிமிடமே. மார்ச் இறுதியிலும் செப்டம்பர் இறுதியிலும் அது எட்டரை நிமிடம் ஆகிவிடும். டிசம்பர் இறுதியிலோ 14 நிமிடம். 2015, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் ரமலான் ஜூன் மாதத்தை ஒட்டி வந்தது. அந்நாட்களில் சென்னைப் பாங்கைக் கேட்டு நோன்பு திறந்தவர்கள் 3 நிமிடமே முந்தினார்கள். பேணுதலுக்காகச் சேர்க்கப்படும் ஓரிரு நிமிடங்களில் அதுவும் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. அப்போது படிந்த பழக்கம் இன்னும் விடவில்லை. ரமலானோ ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே நகர்ந்து வருகிறது. 2030ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் ஒரு ரமலான் தொடங்கவிருக்கிறது. அந்த மாலைகளில் சென்னைப் பாங்கு ஒலிக்கும்போது அழகர்கோவில் சாலையின் தென்னந்தோப்புகளுக்கு மேலே சூரியன் கண்ணெதிரே நின்றுகொண்டிருக்கும்.

பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்தில் ஒரு மேகமூட்டமான நாளில் சூரியன் மறைந்துவிட்டதென எண்ணி மக்கள் நோன்பு திறந்ததையும், பின்னர் சூரியன் வெளிப்பட்டதையும் அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அவ்வாறு நிகழ்ந்தால் அந்த நோன்பைக் களாச் செய்ய வேண்டும் என்பதே மார்க்க அறிஞர்களில் பெரும்பான்மையோரின் முடிவு. அங்கே மறைத்தது மேகம். மேகமே இல்லாத வானத்தின் கீழ் நாம் தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்து நோன்பு திறப்பதற்கு என்ன சமாதானம் சொல்வது?

(ஸஹர் முடிவில் இக்கவலை இல்லை. கிழக்கே உள்ள சென்னையில் விடியல் முந்திவிடும். அந்த நேரத்தைப் பின்பற்றினால் நாம் சற்று முன்னரே உணவை நிறுத்துவோம், அவ்வளவே.)

வேறுபாடு ஏன் ஒரே அளவாக நிற்பதில்லை? அதில் இரண்டு கணக்குகள் கலந்திருக்கின்றன. ஒன்று கிழக்கு மேற்குக் கணக்கு. பூமி 360 பாகையை 24 மணி நேரத்தில் சுற்றுகிறது. எனவே 1 பாகைக்கு 4 நிமிடம். சென்னை மதுரைக்குக் கிழக்கே 2 பாகைக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கிறது. ஆகவே எட்டரை நிமிடம். இது ஆண்டு முழுவதும் மாறாது. மற்றொன்று வடக்கு தெற்குக் கணக்கு. சென்னை நமக்கு வடக்கே 3 பாகை தள்ளியிருப்பதால் கோடையில் அங்கே பகல் சற்று நீளம், குளிர்காலத்தில் சற்றுக் குறைவு. அந்த ஐந்தரை நிமிடத்தைக் கோடையில் கழித்தும் குளிர்காலத்தில் கூட்டியும் கொண்டால் மேலே சொன்ன எண்கள் வந்துவிடும்.

நாகூரில் நண்பகல் ஆகும்போது அழகர்கோவிலில் நண்பகல் ஆக இன்னும் ஆறரை நிமிடம் இருக்கும். நாகூரில் இருக்கும் உறவினர் 'இப்போது இங்கே உச்சி' என்று தொலைபேசியில் சொல்ல, நீங்கள் உங்கள் முற்றத்து நிழலைப் பார்த்து உச்சி வரும்வரை நிமிடங்களை எண்ணினால் போதும். நாகூர் உங்களுக்கு எவ்வளவு கிழக்கே இருக்கிறது என்பதைத் தேசப்படம் இல்லாமலேயே சொல்லிவிடலாம். நேரத்தின் வேறுபாடே தூரம். கரையில் இருக்கும் நமக்கு இது ஒரு விளையாட்டு. கரை தெரியாத கடலில் மிதப்பவனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அவனுக்குத் தொலைபேசியில் 'இப்போது உச்சி' என்று சொல்ல எவரும் இலர்.

கடலோடியின் கதையை ஒரு மதரஸா ஆசிரியன் ஏன் எழுதுகிறான் என்று நினைக்க வேண்டாம். 'மாலுமி' என்ற நம் தமிழ்ச் சொல்லே 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் திரிபுதான். முஅல்லிம் என்றால் ஆசிரியர். இந்துமாக்கடலில் கப்பலுக்கு வழிகாட்டியவரை அரபியர் முஅல்லிம் என்றே அழைத்தனர். அது காயல்பட்டினம், கீழக்கரை போன்ற துறைகளின் வழியே வந்து தமிழில் மாலுமியாயிற்று. 'சுக்கான்' என்பதும் அரபுதான். ஆக, பாய்மரத்தின் கீழ் நின்றவரும் பாடம் சொல்லித் தருபவரும் ஒரே பெயருக்கு உரியவர்கள்.

அந்த முஅல்லிம்கள் வடக்கு தெற்கு நிலையை அறிவதில் வல்லவர்கள். துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறத்தாழ அதுவே நாம் நிற்கும் அட்சரேகை. அழகர்கோவில் 10 பாகையில் இருக்கிறது. நீட்டிய கையின் மூடிய முட்டி அளவு உயரம். கோவிலை ஒட்டிய அடிவாரத்தில் நிற்பவருக்கு வடக்கே உள்ள மலை அதை மறைத்துவிடும். அப்பன்திருப்பதிப் பக்கமாகத் தெற்கே வந்துவிட்டால் மலைமுகட்டுக்கு மேலே மங்கலாகத் தெரியும். அரபு மாலுமிகள் இந்த உயரத்தை விரலால் எண்ணினர். ஒரு 'இஸ்பஉ', அதாவது ஒரு விரல், ஏறத்தாழ 1.6 பாகை. ஆகவே நமக்கு ஆறு விரலுக்குச் சற்று மேல். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அஹ்மத் இப்னு மாஜித் இக்கலையைக் கவிதையாகவும் உரைநடையாகவும் எழுதி வைத்தார். 1498ல் வாஸ்கோடகாமாவைக் கோழிக்கோட்டுக்கு அழைத்து வந்தவர் அவரே என்று பள்ளிப் பாடங்களில் படித்திருப்போம். அதற்குத் தக்க சான்று இல்லை என்று இக்கால ஆய்வாளர்கள் தள்ளிவிட்டனர். அவருடைய புகழுக்கு அந்தக் கதை தேவையும் இல்லை.

நம் சோழமண்டலக் கரையில் இதற்கு 'இராப்பலகை' என்ற எளிய கருவி இருந்தது. ஒரு சிறு மரப்பலகை. அதன் நடுவில் முடிச்சுகள் இட்ட கயிறு. கயிற்றைப் பல்லில் கடித்து இழுத்துப் பிடித்து, பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு துருவ நட்சத்திரத்தையும் தொடுமாறு செய்வர். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகம். இன்ன முடிச்சில் நட்சத்திரம் பொருந்தினால் இன்ன ஊரின் நேர்க்கோட்டுக்கு வந்துவிட்டோம். இனிக் கிழக்கோ மேற்கோ திரும்ப வேண்டியதுதான். 1850ல் சென்னையில் வெளியான ஓர் ஆய்விதழில் காங்கிரீவ் என்ற ஆங்கிலேய அதிகாரி, இக்கரையின் மாலுமிகளிடம் கண்ட இத்தகைய கருவிகளை வியந்து எழுதியிருக்கிறார். இதற்குக் கடிகாரம் தேவையில்லை.

கிழக்கு மேற்குக்குத்தான் கடிகாரம் தேவை. அது இல்லாத காலத்தில் கடந்து வந்த நேரத்தையே தூரமாகக் கொண்டனர். அரபு மாலுமிகள் கடல் வழியை 'ஸாம்' என்ற அளவால் அளந்தனர். 3 மணி நேர ஓட்டம் ஒரு ஸாம், நாளொன்றுக்கு 8 ஸாம். நம் பாட்டிமார் 'நடுச்சாமம்' என்பார்களே, அந்தச் சாமமும் ஏழரை நாழிகை, அதாவது 3 மணி நேரம்; அதுவும் நாளொன்றுக்கு எட்டு. இரு சொற்களும் உறவுடையவை என்றே அறிஞர்கள் கருதுகின்றனர். ஆனால் காற்று ஒரு நாள் போல் மறுநாள் வீசுவதில்லை. நீரோட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மூன்று நாட்கள் கரை தெரியாவிட்டால் ஸாம் கணக்கில் எத்தனை பிழை சேர்ந்திருக்கும் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

நேர வேறுபாட்டால் தூரத்தை அளக்கலாம் என்பது முஸ்லிம் அறிஞர்களுக்குப் புதிதன்று. கி.பி. 997 மே 24ஆம் நாள் ஒரு சந்திர கிரகணம். குவாரிஸ்மின் காத் நகரில் இருபத்து மூன்று வயது இளைஞரான அல்பிரூனியும், பக்தாதில் முதியவரான அபுல்வஃபாவும் முன்கூட்டிப் பேசிவைத்துக்கொண்டு அந்த ஒரே கிரகணத்தை அவரவர் ஊர் நேரப்படி குறித்தனர். கிரகணம் நிலவில் நிகழ்வது; எல்லா ஊருக்கும் அது ஒரே கணம். பின்னர் கடிதம் மூலம் ஒப்பிட்டபோது ஏறத்தாழ 1 மணி நேர வேறுபாடு. அதிலிருந்து இரு நகரங்களின் தீர்க்கரேகை வேறுபாடு கிடைத்தது. நிலவையே பொதுக் கடிகாரமாக்கிய அறிவு! ஆயினும் கப்பல்காரன் கிரகணத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க இயலாது. கடிதம் வரும்வரை நடுக்கடலில் நிற்கவும் இயலாது.

1707ல் இங்கிலாந்தின் ஸில்லி தீவுகளருகே நான்கு போர்க்கப்பல்கள் தம் இருப்பிடத்தைத் தவறாகக் கணித்துப் பாறைகளில் மோதின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓரிரவில் மாண்டனர். 1714ல் அந்நாட்டு நாடாளுமன்றம் கடலில் தீர்க்கரேகை காண வழி சொல்பவருக்கு 20,000 பவுன் வரை பரிசு அறிவித்தது. அறிஞர்கள் நிலவையும் நட்சத்திரங்களையும் நம்பினர். ஜான் ஹாரிசன் என்ற தச்சர் கடிகாரத்தை நம்பினார். ஊசல் கடிகாரம் ஆடும் கப்பலில் நடக்காது. வெயிலில் உலோகம் விரியும், குளிரில் சுருங்கும், எண்ணெய் இறுகும். அவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உழைத்தார். அவருடைய நான்காவது கடிகாரம் உள்ளங்கையை விடச் சற்றே பெரிய ஒரு பைக்கடிகாரம். 1761 இறுதியில் அவருடைய மகன் அதனை ஜமைக்காவுக்கு எடுத்துச் சென்றார். 81 நாட்களில் அது 5 விநாடி மட்டுமே பிந்தியது.

வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கப்பல் கடிகாரத்தின் சிறப்பு அது பிழையே இல்லாதது என்பதில் இல்லை. அப்படி ஒரு கடிகாரம் உலகில் இருந்ததில்லை. அதன் பிழை இன்னது என்று கப்பலில் இருப்பவருக்குத் தெரியும் என்பதே சிறப்பு. துறைமுகத்தை விட்டுப் புறப்படுமுன் பல நாட்கள் அதைச் சோதிப்பர். நாளொன்றுக்கு 2 விநாடி முந்துகிறது என்று கண்டால் அதைத் திருத்த மாட்டார்கள்; குறிப்பேட்டில் எழுதி வைப்பர். அதன்பின் பயணம் முடியும்வரை முள்ளை யாரும் தொடக் கூடாது. முப்பதாம் நாள் அது 60 விநாடி முந்தியிருக்கும். மாலுமி காகிதத்தில் 60ஐக் கழித்துக்கொள்வார். முள்ளைத் திருப்பினால் கடிகாரத்தின் வரலாறு அழிந்துவிடும். யார் எப்போது எவ்வளவு திருப்பினார் என்பது ஒருநாள் மறந்துபோகும். அன்றிலிருந்து அந்தக் கடிகாரம் சொல்வது எதுவும் சான்று ஆகாது.

அதைப் பேணிய முறையும் அறியத்தக்கது. கப்பலின் ஆட்டம் மிகக் குறைந்த நடுப்பகுதியில் அதற்கு இடம். பித்தளை வளையங்களில் தொங்கும் பெட்டிக்குள் அது இருக்கும். கப்பல் எப்பக்கம் சாய்ந்தாலும் முகம் வானத்தைப் பார்த்தபடி கிடைமட்டமாக நிற்கும். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே ஆள், ஒரே எண்ணிக்கைத் திருப்பில் சாவி கொடுப்பார். கொடுத்தாயிற்று என்று கப்பல் தலைவரிடம் அறிவிப்பார். மேல்தளத்தில் சூரியனின் உயரத்தை அளக்கும்போதும் அதை வெளியே எடுத்துச் செல்வதில்லை. ஒரு கைக்கடிகாரத்தை அதனோடு ஒப்பிட்டு எடுத்துச் செல்வர். அல்லது மேலிருந்து ஒருவர் குரல் கொடுக்க, கீழிருப்பவர் அக்கணத்தின் விநாடியைக் குறிப்பார். ஒரு கடிகாரம் வைத்துக்கொள், அல்லது மூன்று வைத்துக்கொள், இரண்டு மட்டும் வேண்டாம் என்பது மாலுமிகளின் வழக்கு. இரண்டு முரண்பட்டால் எது பொய் சொல்கிறது என்று அறிய வழியில்லை. மூன்று இருந்தால் இரண்டின் சாட்சியம் மூன்றாவதைக் காட்டிக்கொடுக்கும். சாட்சியச் சட்டம் படிக்கும் ஓதுபிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும்.

இத்தனை கண்டிப்பு ஏன்? நம் அட்சரேகையில் 1 விநாடிப் பிழை ஏறத்தாழ 450 மீட்டருக்குச் சமம். 1 நிமிடப் பிழை 27 கிலோமீட்டர். கடிகாரம் 5 நிமிடம் முந்துவதை அறியாத மாலுமி யாழ்ப்பாணத்தின் தீர்க்கரேகையில் நின்றுகொண்டு, தான் கீழக்கரையின் தீர்க்கரேகையில் நிற்பதாகக் கணக்குப் போடுவார். இடையில் இருப்பதோ மணல்திட்டும் பவளப்பாறையும் நிறைந்த பாக் நீரிணை.

துறைமுகத்தில் கடிகாரத்தைச் சோதிக்கும் முறைகளில் ஒன்றைப் படித்தபோது எனக்குப் பெருவியப்பு ஏற்பட்டது. கரையில் இறங்கி, முற்பகலில் சூரியன் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தொடும் நேரத்தையும், பிற்பகலில் அதே உயரத்துக்கு இறங்கும் நேரத்தையும் கடிகாரத்தில் குறிப்பர். இரண்டுக்கும் நடுவே உள்ள நேரமே நண்பகல். இதை நாம் எங்கே கண்டிருக்கிறோம்? ஹனஃபி மத்ஹபின் பாடநூலான ஷரஹுல் விகாயாவில், தொழுகை நேரங்களைப் பற்றிய பாடத்தில் 'அத்தாயிரத்துல் ஹிந்திய்யா', அதாவது இந்திய வட்டம் என்று வருகிறதே, அதேதான்! சமதரையில் ஒரு வட்டம் இட்டு நடுவில் குச்சியை நட்டு, முற்பகலில் நிழலின் நுனி வட்டத்துக்குள் நுழையும் புள்ளியையும் பிற்பகலில் வெளியேறும் புள்ளியையும் குறித்து, இரண்டுக்கும் நடுவில் கோடு இழுத்தால் அது வடக்கு தெற்குக் கோடு. நிழல் அக்கோட்டைத் தாண்டிச் சாயும்போது லுஹருடைய வக்து நுழைகிறது. நம் கிதாபுகளில் பாடமாக ஓதப்படும் வட்டமும், ஐரோப்பிய மாலுமி தன் கடிகாரத்தை எடைபோட்ட தராசும் ஒரே அடிப்படையில் அமைந்தவை.

எங்கள் மதரஸா முற்றத்தில் இந்த வட்டத்தைப் பிள்ளைகள் இட்டுப் பார்ப்பதுண்டு. அழகர்கோவிலில் உச்சி 12 மணிக்கு ஆவதில்லை என்பதைக் கண்டு அவர்கள் திகைப்பர். இந்தியா முழுவதற்கும் பொதுவான நேரம் மிர்ஸாப்பூர் அருகே செல்லும் எண்பத்து இரண்டரைப் பாகை ரேகைக்கு உரியது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால் சராசரியாக 17 நிமிடம் பிந்துகிறோம். அதன்மேல் பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அச்சு சாய்ந்தும் இருப்பதால் உச்சி ஆண்டுக்குள் முன்பின்னாக நகர்கிறது. நவம்பர் தொடக்கத்தில் 12.01க்கே உச்சி, பிப்ரவரி நடுவில் 12.31க்குத்தான் உச்சி. பிப்ரவரியில் 12.20க்கு லுஹர் தொழுதுவிட்ட மூதாட்டியார் யாரேனும் உங்கள் வீட்டில் இருந்தால் கனிவாக எடுத்துச் சொல்லுங்கள். வக்து நுழையுமுன் தொழுகை இல்லை. ஏப்ரல் 16, ஆகஸ்ட் 27 வாக்கில் உச்சிப் பொழுதில் குச்சிக்கு நிழலே இராது. சூரியன் அழகர் மலைக்கு நேர் மேலே நிற்கும். அன்று அஸருடைய கணக்கு மிக எளிது. கடற்கரை ஊர்களிலிருந்து வந்து ஓதும் ஷாஃபி பிள்ளைகளுக்குக் குச்சியின் நீளம் நிழல் வந்தால் அஸர். எங்கள் ஊர் ஹனஃபிப் பிள்ளைகளுக்கு அதைப் போல் இரு மடங்கு.

நம் நாட்டின் நேரத்துக்கே கடல்தான் காரணம் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். அக்காலச் சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. சோழமண்டலக் கரையைத் துல்லியமாக அளந்து வரைபடமாக்காமல் கம்பெனிக் கப்பல்களுக்குப் பாதுகாப்பு இல்லை. அவ்வளவைப் பணிக்கு அமர்ந்த மைக்கேல் டாப்பிங், வில்லியம் பெட்ரி என்ற அதிகாரி 1786ல் எழும்பூரில் தம் சொந்த முயற்சியில் வைத்திருந்த வானாய்வுக் கூடத்தைக் கம்பெனியின் கூடமாக்கி, 1792ல் நுங்கம்பாக்கத்தில் கட்டிடம் எழுப்பினார். கருவிகளைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் பொறித்திருக்கிறது. வானாய்வுக் கூடத்தின் கணக்குப்படி புனித ஜார்ஜ் கோட்டையில் இரவு 8 மணிக்குப் பீரங்கி வெடிக்கும். கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்திய அந்தச் 'சென்னை நேரம்' பிற்காலத்தில் இந்திய இரயில்கள் பலவற்றின் நேரமாகவும் ஆனது. 1906 ஜனவரி 1 முதல் இன்றைய பொது நேரம் வந்தது. வானாய்வுப் பணி அதற்கு முன்னரே, 1899ல், நம் மதுரைக்கு அண்மையிலுள்ள கொடைக்கானலுக்கு இடம் மாறிவிட்டது.

இனி நம் பள்ளிவாசல்களுக்கு வருவோம். முற்காலத்தில் பெரிய பள்ளிவாசல்களில் 'முவக்கித்' என்று ஒருவர் இருந்தார். வக்தைக் கணித்துச் சொல்வது மட்டுமே அவர் பணி. பதினான்காம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலின் முவக்கித்தாக இருந்த இப்னுஷ் ஷாதிர் உலகப் புகழ் பெற்ற வானியல் அறிஞர். நம் பழவேற்காட்டுப் பள்ளிவாசல் ஒன்றில் தொழுகை நேரம் காட்டிய நிழற்கடிகாரம் இருக்கிறது. இன்று அந்தப் பொறுப்பு ஓர் அட்டவணைக்கும் ஒரு சுவர்க் கடிகாரத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

அந்தச் சுவர்க் கடிகாரத்துக்கு நாம் என்ன செய்கிறோம்? ஜமாஅத்துக்கு ஆட்கள் தாமதமாக வருகிறார்கள் என்று யாரோ 5 நிமிடம் முன்னே தள்ளி வைக்கிறார். அட்டவணை அச்சிட்டவர் பேணுதலுக்காக 3 நிமிடம் மஃரிபில் ஏற்கெனவே கூட்டியிருக்கிறார்; எவ்வளவு கூட்டினோம் என்று அதில் அச்சிடவில்லை. மஃரிபு நேரத்தில் கடிகாரம் 5 முந்த, அட்டவணை 3 பிந்த, நோன்பு 2 நிமிடம் முன்னதாகத் திறக்கப்படுகிறது. மற்றொரு பள்ளியில் கடிகாரம் சரியாகவே இருக்கிறது. ஆனால் அட்டவணையில் ஒரு பேணுதல், நிர்வாகியிடம் ஒரு பேணுதல், மோதினாரிடம் ஒரு பேணுதல் என்று அடுக்கடுக்காகச் சேர்ந்து, நோன்பு திறப்பதை விரைவுபடுத்துக என்ற சுன்னத்து காணாமல் போகிறது. இருவரும் நல்லெண்ணம் கொண்டவர்களே. இருவரிடமும் இல்லாதது குறிப்பேடு.

மாலுமியின் முறையைக் கைக்கொள்வதில் நமக்குச் செலவு ஒன்றும் இல்லை. கடிகாரத்தைச் சரியான நேரத்தில் வைத்து, அதன்பின் முள்ளைத் தொடாதிருக்கலாம். வெள்ளிதோறும் ஒரே ஆள் அதைச் சரிபார்த்து, இத்தனை விநாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று கீழே தொங்கும் நோட்டில் எழுதலாம். அட்டவணையில் சூரியன் மறையும் நேரம் ஒரு பத்தியிலும், பேணுதல் நிமிடம் தனிப் பத்தியிலும் இருக்கட்டும். எந்த ஊருக்கு உரிய அட்டவணை என்பதைத் தலைப்பிலேயே எழுதட்டும். சென்னை அட்டவணையின் அடியில் 'மதுரைக்கு 8 நிமிடம் கூட்டுக' என்ற ஒரே வரி போதாது என்பதை மேலே கண்டோம். கைப்பேசியில் வக்து பார்க்கும் இளையவர்கள், அதில் தேர்ந்திருக்கும் ஊர் எது, மத்ஹபு எது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கைப்பேசியும் செயற்கைக்கோளும் வந்தபின் இக்கதையெல்லாம் பழங்கதை என்பாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் வழிகாட்டி என்பதும் கடிகாரமே. வானில் சுற்றும் ஒவ்வொரு கோளிலும் அணுக்கடிகாரம் இருக்கிறது. அது தன் நேரத்தை ஒலிபரப்ப, நம் கையிலுள்ள கருவி அந்த நேரங்களை ஒப்பிட்டே இடத்தைச் சொல்கிறது. அங்கே விநாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் 300 மீட்டர் தவறும். இந்தியா 2013ல் அனுப்பிய முதல் வழிகாட்டிச் செயற்கைக்கோளில் மூன்று ருபீடியம் கடிகாரங்கள் இருந்தன. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்த செய்தி 2017ல் வெளியானது. கோள் வானில் இருந்தது. ஆனால் இருப்பிடம் சொல்லும் தகுதியை இழந்தது. கடிகாரம் போனால் மாலுமி போன கதைதான்.

செயற்கைக்கோள் உதவியே கூடாது என்ற விதியுடன் உலகைத் தனியே சுற்றும் பாய்மரப் போட்டி ஒன்றும் நடைபெறுகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய அந்தப் போட்டியில் நம் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி சூரியனையும் நட்சத்திரங்களையும் செக்ஸ்டன்டால் அளந்து, நேரத்தைக் காத்து, 2023 ஏப்ரலில் இரண்டாமவராகக் கரை சேர்ந்தார். அப்போட்டி யாருடைய நினைவாக நடக்கிறதோ அந்த ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் 1968, 69ல் எங்கும் நிற்காமல் 312 நாட்கள் தனியே உலகைச் சுற்றிய படகு பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. அதன் பெயர் 'ஸுஹைலி'. பாரசீக வளைகுடாவின் அரபு மாலுமிகள் ஒரு காற்றுக்கு இட்ட பெயர்.

இருளில் வழி காண நட்சத்திரங்கள் படைக்கப்பட்டிருப்பதைத் திருக்குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயம் 97ஆம் வசனம் எடுத்துரைக்கிறது; அங்கே தரையும் கடலும் சேர்த்தே பேசப்படுகின்றன. தரையில் வாழும் நம் இல்லத்தரசிகளும் பிள்ளைகளும் செய்து பார்க்கக்கூடிய ஒன்றைக் கூறி முடிக்கிறேன். ஆண்டுக்கு இருமுறை சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே வருகிறது. மே 28ஆம் நாள் நம் நேரப்படி பிற்பகல் 2.48, ஜூலை 16ஆம் நாள் பிற்பகல் 2.57. அக்கணத்தில் சூரியனை நோக்கி நிற்பவர் கிப்லாவை நோக்கி நிற்கிறார். மொட்டை மாடியில் ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். கடிகாரத்தை முன்கூட்டியே வானொலியின் நேரத்தோடு ஒப்பிட்டு, முந்துகிறதா பிந்துகிறதா என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். குறித்த கணத்தில் நூலின் நிழல் விழும் கோட்டில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுங்கள். நிழல் எந்தப் பக்கம் நீள்கிறதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் கிப்லா. மே மாதத்தில் மேகம் மறைத்தால் ஜூலையில் பார்க்கலாம். முதல் நாளோ மறுநாளோ அதே நேரத்தில் பார்த்தாலும் வேறுபாடு மிகச் சிறிது. உங்கள் வீட்டுத் தொழுகை விரிப்பு அந்தக் கோட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதை எங்களுக்கு எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ் ஆகஸ்ட் இதழில் வெளியிடுவோம்.